கடலோர மாசு, எண்ணெய்க் கசிவு ஆய்வுப் பணி: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட ஆற்காட்டுப் பக்கப் பள்ளி, கல்லூரிகளில் மேற்படிப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தத் துறையைப் பற்றி ஒரே மாதிரிச் சந்தேகங்கள் எழுகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, விடைகளைத் தொகுத்திருக்கிறோம். முதலில் படிப்பு, பிறகு வேலை, அதற்கப்புறம் ஆய்வின் நுணுக்கம். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

எங்க ஊர்ல கடலே இல்லையே சார், வேலூர்ப் பிள்ளைக்கு எதுக்குக் கடல் படிப்பு?

கடலோரத்தைக் கெடுப்பதில் பெரும்பகுதி நிலத்திலிருந்து போவதுதான். சாக்கடை, ஆலைக் கழிவு, உரம், பிளாஸ்டிக் எல்லாம் ஆற்றிலும் கால்வாயிலும் இறங்கித்தான் கடலுக்குப் போகின்றன. நம் பாலாறு நந்திமலைப் பக்கம் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஊர்களை ஒட்டியே ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் வங்கக் கடலில் சேர்கிறது. எண்ணெய்கூடக் கப்பலிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. அது முழுக்க நிலத்தில் கிளம்பிய கசிவு.

இன்னொன்றும் உண்டு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று சொன்னது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் டேனரிக் கழிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கில். கடலில் எண்ணெய் கொட்டியதற்கு இழப்பீடு கேட்கும்போதும் இந்தத் தீர்ப்பை எடுத்து வைக்கிறார்கள். மாசு என்றால் என்ன, அதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு இந்தத் துறை அந்நியமில்லை.

மெரைன் பயாலஜினா மீன், ஆமை, திமிங்கலம் பாக்கறதுதானே? எண்ணெய்க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

எண்ணெய் எவ்வளவு கொட்டியது என்பதைப் பொறியாளர் சொல்லிவிடுவார். அதனால் எந்த உயிர் எவ்வளவு கெட்டது, எப்போது மீளும், எந்த இடத்தை முதலில் காக்க வேண்டும் என்பதை உயிரியல் படித்தவர்தான் சொல்ல முடியும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி உலை எண்ணெய் கொட்டியது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவம் அது. எந்தக் கரையை முதலில் சுத்தம் செய்வது என்று முடிவெடுக்க, எந்த உயிர் எங்கே, எந்த மாதத்தில் இருக்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும்.

அன்றாட வேலையில் ஆமையைவிடப் புழுக்களே அதிகம் கண்ணில் படும். சேற்றில் வாழும் பல்சுணைப் புழுக்களில் ‘கேப்பிட்டெல்லா’ என்ற இனம் திடீரென்று பெருகி மற்ற இனங்கள் காணாமல் போனால், அங்கே கரிமக் கழிவு கூடிவிட்டது என்று பொருள். அரை மில்லிமீட்டர் சல்லடையில் சேற்றை அலசி, தங்குகிற புழுக்களை ஃபார்மலினில் போட்டு, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணுவதுதான் பல நாள் வேலை.

பிளஸ் டூல எந்த குரூப் எடுக்கணும்? நீட் எழுதணுமா?

இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள குரூப் போதும். கணக்கும் சேர்ந்திருந்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் புள்ளியியல் நிறைய வரும். பி.எஸ்ஸி. விலங்கியலுக்கும், தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.எஸ்ஸி. என்ற மீன்வள இளங்கலைப் படிப்புக்கும் நீட் தேவையில்லை. மீன்வளப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. இது பலருக்குத் தெரியாமலே விண்ணப்பத் தேதி போய்விடுகிறது.

டிகிரிக்கே வெளியூர் போகணுமா? நம்ம பக்கத்துலயே ஆரம்பிக்க முடியாதா?

தாராளமாக முடியும். மேல்விஷாரம், வாணியம்பாடி, வேலூர்க் கல்லூரிகளில் விலங்கியலோ வேதியியலோ எடுத்து மூன்று வருடம் படித்துவிட்டு, முதுகலைக்குக் கடற்கரைக்குப் போனால் போதும். எங்கள் கருத்தைக் கேட்டால், எண்ணெய் மாசு படிக்க விரும்புகிறவர் இளங்கலையில் வேதியியல் எடுத்தாலும் நஷ்டமில்லை. உயிரினப் பெயர்களை இரண்டு வருடத்தில் கற்றுக்கொள்ளலாம். கரைசல் தயாரிப்பதிலும் கருவி அளவீட்டிலும் கை பழக அதைவிட நாளாகும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வரும். புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும்.

எம்.எஸ்ஸி.க்கு எங்க போறது?

பழமையும் பெயரும் உள்ள இடம் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இருக்கிறது. காலையில் வகுப்பு, மாலையில் அலையாத்திக் காடு என்று படிக்கலாம். காட்பாடியிலிருந்து விழுப்புரம் வழியாக ரயிலிலேயே போய்விடலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் துறை, குமரிப் பக்கம் ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மையம், புதுவைப் பல்கலைக்கழகத்தின் போர்ட் பிளேர் வளாகம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்) ஆகியவையும் உண்டு.

சேரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: துறைக்குச் சொந்தப் படகு இருக்கிறதா, கலவையைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்து அடையாளம் காட்டும் ஜி.சி.எம்.எஸ். கருவி ஓடுகிறதா, மாணவர் கையால் அதை இயக்க விடுகிறார்களா? கண்ணாடி அறைக்குள் பூட்டி வைத்திருக்கும் கருவியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

தமிழ் மீடியத்துல படிச்சேன். இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதணுமே, சமாளிக்க முடியுமா?

முடியும். அறிக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் இந்தத் துறை அறிக்கைகளின் மொழி மிகச் சிறியது. எங்கே, எப்போது, எதை, எவ்வளவு, எந்த முறையில் என்ற ஐந்துக்குள் முக்கால்வாசி அடங்கிவிடும். பத்து நல்ல ஆய்வுக் கட்டுரைகளின் முறைகள் பகுதியை மட்டும் கையால் எழுதிப் பழகுங்கள்.

மறுபக்கம், குப்பத்தில் மீனவரிடம் உட்கார்ந்து, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது, வலையில் எண்ணெய் ஒட்டியது எத்தனையாவது பாகத்தில் (மீனவர் ஆழம் சொல்லும் அளவு) என்று தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளத் தெரிந்தவருக்கு நல்ல மதிப்பு உண்டு. செயற்கைக்கோள் படம் வருவதற்கு முன்னாலேயே எண்ணெய் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறவர்கள் அவர்கள்தான்.

எனக்கு நீச்சல் தெரியாது. கடல்ல வாந்தி வருமாமே?

நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும். அரைகுறையாக இல்லாமல், உடையோடு பத்து நிமிடம் மிதக்கிற அளவுக்கு. முதுகலை சேருவதற்குள் உள்ளூர் நீச்சல் குளத்திலேயே கற்றுவிடலாம். ஸ்கூபா எல்லோருக்கும் தேவையில்லை. பவளப்பாறை ஆய்வுக்குப் போகிறவர் மட்டும் சான்றிதழ் எடுத்தால் போதும்.

வாந்தி பெரும்பாலானவர்களுக்கு வரும். இரண்டாம், மூன்றாம் பயணத்தில் குறைந்துவிடும். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் சாப்பிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது.

பொம்பளப் பிள்ளைய இந்த வேலைக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். சாகர் நிதி, சாகர் கன்யா போன்ற ஆய்வுக் கப்பல்களில் பெண் விஞ்ஞானிகள் போகிறார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டியது சின்னப் படகுப் பயணங்களை. விசைப்படகிலும் ஃபைபர் படகிலும் கழிப்பறை இருக்காது. ஆறு, ஏழு மணி நேரம் கடலில் இருக்க வேண்டியிருக்கும். நல்ல ஆய்வுக் குழு இதை முன்கூட்டியே யோசித்து, பயணத்தைப் பிரித்து, குறைந்தது இரண்டு பெண்களைச் சேர்த்து அனுப்பும். சேரும் முன் இதை வெளிப்படையாகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வேலை நிச்சயமா கிடைக்குமா? சம்பளம் எவ்வளவு?

நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இளங்கலை 3, முதுகலை 2, முனைவர் பட்டம் 5 என்று பிளஸ் டூவுக்குப் பிறகு ஏறத்தாழ 10 வருடம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாளில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. அது இருந்தால் வீட்டுக்குப் பாரமில்லாமல் படிக்கலாம். இல்லாதவர்கள் திட்டப் பணியில் சேருவார்கள். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். முப்பது வயது வரை இந்த நிச்சயமின்மையைத் தாங்கக் குடும்பத்தால் முடியுமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

நிரந்தரப் பணி என்றால் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி.), கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் (என்.ஐ.ஓ.), கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் ஹைதராபாத் இன்காய்ஸ், கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை. மத்திய நிறுவனங்களில் விஞ்ஞானி ‘பி’ பணிக்கு அடிப்படைச் சம்பளம் 56,100-இல் தொடங்குகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு முதுகலை போதும். ஒவ்வொரு அறிவிக்கையிலும் உங்கள் பாடம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் பக்கம் துறைமுகங்கள், சுத்திகரிப்பு ஆலைகள், பரிசோதனைக் கூடங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் குறைவு; கருவி இயக்கத் தெரிந்தவருக்குச் சீக்கிரம் உயரும்.

நான் தோல் ஷாப்பு லேப்ல வேலை பாக்கறேன். இந்த அனுபவம் எதுக்காவது உதவுமா?

ரொம்பவே உதவும். பொது சுத்திகரிப்பு நிலையத்தில் பி.ஓ.டி., சி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவுகள்), குரோமியம், டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள் அளவு) பார்த்த கை கடல் நீருக்குப் பாதி தயாரான கை. உதாரணம் சி.ஓ.டி. தோல் ஊறவைத்த தண்ணீரில் உப்பு அதிகம், குளோரைடும் சோதனைக்கு விடும் டைகுரோமேட்டைத் தின்றுவிடும், அதனால் சி.ஓ.டி. பொய்யாக ஏறும். அதைத் தடுக்கத்தான் மெர்குரிக் சல்ஃபேட் போடுகிறீர்கள். வழக்கமான அளவு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடு வரைதான் தாங்கும். கடல் நீரிலோ குளோரைடு சுமார் 19,000. அங்கே அந்த முறை நிற்காது; மொத்தக் கரிமக் கார்பன் பார்ப்பார்கள், அல்லது காரப் பெர்மாங்கனேட் முறைக்குப் போவார்கள். இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

எண்ணெய் கசிஞ்சதுன்னு தகவல் வந்தா, அன்னைக்கு முதல்ல என்ன செய்வாங்க?

கடலில் எண்ணெயைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு இந்தியக் கடலோரக் காவல்படையுடையது. தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டப்படி 700 டன் வரை முதல் நிலை, 10,000 டன் வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று இன்காய்ஸ் கணித்துக் கொடுக்கும். மனக்கணக்குக்கு ஒரு விதி: நீரோட்டத்தின் முழு வேகமும் காற்றின் வேகத்தில் 3 சதவீதமும் சேர்ந்து எண்ணெயை இழுக்கும். காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் அதன் பங்கு மணிக்கு 0.9 கிலோமீட்டர். ஒரு நாளில் 20 கிலோமீட்டருக்கு மேல்.

உயிரியலாளர் முதலில் ஓட வேண்டிய இடம் எண்ணெய் இன்னும் வந்து சேராத கரை. எல்லோரும் கறுத்த கரைக்குப் போவார்கள். நீங்கள் இன்னும் சில மணி நேரத்தில் கறுக்கப்போகும் கரைக்குப் போய், தண்ணீர், மணல், மட்டி, புழு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எண்ணெய் வந்த பிறகு அந்த வாய்ப்பு திரும்பாது. கூடவே, எண்ணெய் போகாத திசையில் இதே மாதிரி மண்ணும் அலையும் உள்ள ஓர் ஒப்பீட்டுக் கரையையும் அன்றே தேர்ந்தெடுங்கள்.

கறுத்த கரைக்குப் போகும்போது நைட்ரைல் கையுறை, பூட்ஸ், ஆவிக்கு ஏற்ற முகமூடி கட்டாயம். புதிதாகக் கொட்டிய கச்சா எண்ணெயிலும் லேசான எண்ணெயிலும் பென்சீன் ஆவி முதல் சில மணி நேரங்களில்தான் மிக அதிகம். காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நடங்கள்.

தண்ணி மொள்றது ஒரு பெரிய வேலையா? வாட்டர் பாட்டில்ல பிடிச்சா ஆகாதா?

ஆகாது. இந்தத் துறையில் தவறுகளில் பெரும்பாலானவை கருவியில் நடப்பதில்லை, பாட்டிலில் நடக்கின்றன. பிளாஸ்டிக் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், தன் ரசாயனங்களையும் தண்ணீரில் விடும், ஜி.சி.எம்.எஸ். வரைபடத்தில் தேவையில்லாத தாலேட் (பிளாஸ்டிக்கில் சேர்க்கும் ரசாயனம்) சிகரங்கள் முளைக்கும். 1 லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டிலை ஹெக்சேன் விட்டுக் கழுவி உலர்த்தி, டெஃப்லான் அல்லது அலுமினியத் தாள் வைத்த மூடி போட்டுக் கொண்டு போக வேண்டும். சன்ஸ்கிரீனும் கிரீமும் பூசிய கையால் பாட்டில் வாயைத் தொட்டாலே முடிவு கெட்டது.

படகில் இன்ஜினை நிறுத்திவிட்டு, காற்று வரும் பக்கம் முன்முனையில் நின்று எடுங்கள். இல்லையென்றால் உங்கள் படகின் டீசலைத்தான் அளப்பீர்கள். கரைந்த எண்ணெய்க்கு 1 மீட்டர் ஆழத்தில், மேற்படலம் உள்ளே புகாதபடி பாட்டிலை இறக்கி அங்கேயே திறக்க வேண்டும். எடுக்கும் தண்ணீரால் பாட்டிலை அலசக் கூடாது, ஏனென்றால் எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அளவு கூடிவிடும். வாய் வரை நிரப்பவும் கூடாது. கரைப்பான் ஊற்ற இடம் வேண்டும். பி.எச். 2-க்குக் கீழ் வரும்படி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, 4 டிகிரியில் ஐஸ் பெட்டியில் வைத்து, 7 நாளுக்குள் பிரித்தெடுங்கள். கூடத்தில் பாதித் தண்ணீரை மட்டும் எடுத்து அளக்காதீர்கள். முழு பாட்டிலையும் எடுத்து, சுவரையும் ஹெக்சேனால் அலசிச் சேருங்கள்.

பிரித்த ஹெக்சேனை நீரற்ற சோடியம் சல்ஃபேட் வழியாக ஓடவிட்டு ஈரம் நீக்கி, ஒளிர்வுமானியில் 310 நானோமீட்டரில் தூண்டி 360-இல் படிப்பது வழக்கமான முறை, ஒப்பீட்டுக்குக் கிரைசீன் என்ற சேர்மம். ஒவ்வொரு பயணத்திலும் சுத்தமான தண்ணீர் ஊற்றிய ஒரு வெற்று பாட்டிலைக் கூடவே கொண்டு போய், திறந்து மூடி, எல்லாவற்றோடும் சேர்த்து அளக்க வேண்டும். அதில் எண்ணெய் தெரிந்தால் அந்தப் பயணத்தின் எண்கள் எதையும் நம்ப முடியாது.

தண்ணி மேல வானவில் கலர் தெரியுது. பாத்தே எவ்வளவு எண்ணெய்னு சொல்ல முடியுமா?

தோராயமாக முடியும். வெள்ளி மினுக்கமாகத் தெரிந்தால் படலம் 0.04 முதல் 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வானவில் நிறம் 0.3 முதல் 5 மைக்ரான், உலோகப் பளபளப்பு 5 முதல் 50 மைக்ரான். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 0.1 மைக்ரான் படலம் என்றால் வெறும் 100 லிட்டர். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், எண்ணெய் அரை பீப்பாய்தான்.

அடர்கறுப்பில் இந்தக் கணக்கு உதவாது. அலையில் அடிபட்ட கன எண்ணெய் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு பழுப்புக் களி போல் ஆகிவிடும். அதில் முக்கால்வாசி தண்ணீராகவே இருக்கலாம். 2017 எண்ணூர்க் கசிவில் எர்ணாவூர்ப் பாறைகளுக்கு இடையே தேங்கியது இந்த மாதிரிக் களிதான். குப்பையும் சேர்ந்ததால் இறைக்கும் இயந்திரங்கள் திணறி, ஆட்கள் வாளியால் அள்ள வேண்டியிருந்தது. அள்ளிய டன் கணக்கை அப்படியே கொட்டிய எண்ணெயின் கணக்காக எழுதினால் தப்பு.

எந்தக் கப்பலோட எண்ணெய்னு கண்டுபிடிக்க முடியுமா? எல்லாம் கறுப்பாத்தானே இருக்கு?

முடியும். எண்ணெய் பிறந்த பாறைக்கு ஏற்ப ஹோபேன், ஸ்டெரேன் என்ற சேர்மங்களின் விகிதம் மாறும். ஜி.சி.எம்.எஸ்.-இல் ஹோபேனை 191, ஸ்டெரேனை 217 என்ற நிறை எண்களில் பார்ப்பார்கள். இவை வெயிலுக்கும் பாக்டீரியாவுக்கும் எளிதில் அசையாது. லேசான ஆல்கேன்கள் சில நாளிலேயே ஆவியாகிவிடும். 17 கார்பன் ஆல்கேனைப் பாக்டீரியா சீக்கிரம் தின்னும், பிரிஸ்டேன் என்ற கிளைத்த ஆல்கேனை மெதுவாகத்தான் தின்னும். அதனால் இரண்டின் விகிதம் குறையக் குறைய, எண்ணெய் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று தெரியும்.

கரையில் எடுத்ததை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. சந்தேகப்படும் ஒவ்வொரு கப்பலின் எரிபொருள் தொட்டியிலிருந்தும் கழிவு எண்ணெய்த் தொட்டியிலிருந்தும் மாதிரி வேண்டும். முடிவை நான்கு விதமாகத்தான் எழுதுவார்கள்: பொருந்துகிறது, அநேகமாகப் பொருந்துகிறது, தீர்மானிக்க முடியவில்லை, பொருந்தவில்லை. ஒரே துறைமுகத்தில் ஒரே விற்பனையாளரிடம் எரிபொருள் நிரப்பிய இரண்டு கப்பல்கள் ஒன்றுபோல் தெரியலாம். அப்போது கப்பல்களின் பயணப் பதிவுதான் கைகொடுக்கும்.

வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் ஹோபேனைத் தொடமாட்டார். பாட்டில் யார் கையில் இருந்தது என்றுதான் கேட்பார். எடுத்த நேரம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, முத்திரை எண், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து எல்லாம் படிவத்தில் இருக்க வேண்டும். ஒரு கையெழுத்து விட்டுப்போனால் நல்ல ஆய்வும் வீணாகும்.

எண்ணூர்ல எண்ணெய் கொட்டினா, வேலூர் மார்க்கெட்டுக்கு வர்ற மீனை வாங்கலாமா?

துடுப்புள்ள மீனின் கல்லீரல் எண்ணெயின் பல்வளைய ஹைட்ரோகார்பன்களை உடைத்து வெளியேற்றும். அதனால் சதையில் பெரும்பாலும் குறைவாகவே தங்கும். ஆய்வாளர்கள் சதையோடு பித்தநீரையும் பார்ப்பது இதற்காகத்தான். மீன் ஆழ்கடலில் பிடித்ததா, கசிவு நடந்த முகத்துவாரத்தில் பிடித்ததா என்பது முக்கியம். மண்ணெண்ணெய் வாடை வந்தால் வாங்க வேண்டாம். சமைத்தால் போய்விடும் என்பது சரியில்லை.

மட்டி, சிப்பி கதை வேறு. அவை தண்ணீரை வடிகட்டித் தின்னும், உடைக்கும் சக்தி குறைவு, சேர்த்து வைத்துக்கொள்ளும். கசிந்த இடத்து மட்டியைச் சோதனை முடியும் வரை தவிர்க்க வேண்டும். இதே குணத்தால் பச்சை மட்டியைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டு, மாசு எவ்வளவு என்று கண்காணிக்கவும் செய்கிறார்கள்.

மருந்து தெளிச்சா, பாக்டீரியா விட்டா எண்ணெய் கரைஞ்சிடுமாமே?

சிதறடிக்கும் ரசாயனம் எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீருக்குள் அனுப்புகிறது. எண்ணெய் மறைவதில்லை, இடம் மாறுகிறது. ஆழக்கடலில் பறவைகளையும் கரையையும் காக்க அது உதவலாம். ஆழமில்லாத கரையோரத்திலும் முகத்துவாரத்திலும் மீன் முட்டை, இறால் குஞ்சு மேலேயே விழும். கடலோரக் காவல்படையின் அனுமதி இல்லாமல் யாரும் தெளிக்கக் கூடாது. கெட்டியான உலை எண்ணெயிலும், மேலே சொன்ன களியான எண்ணெயிலும் அது சரியாக வேலையும் செய்யாது.

எண்ணெய் தின்னும் பாக்டீரியா உண்மையிலேயே உண்டு. ஆனால் அதற்கு நைட்ரஜன், பாஸ்பரஸ், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். சேற்றில் மேலிருந்து சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. தடிமனாக எண்ணெய் கிடக்கும்போது பொடியைத் தூவிப் படம் எடுப்பதில் பயனில்லை. முதலில் அள்ள வேண்டும், மிச்சப் பூச்சுக்குத்தான் பாக்டீரியா.

நம்ம பாலாத்துக் குரோமியம் கடல் வரைக்கும் போகுதா? இதையே புராஜெக்டா செய்யலாமா?

செய்யலாம், நல்ல தலைப்பு. ஆனால் எச்சரிக்கை வேண்டும். டேனரியில் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் தண்ணீரில் கரைந்து ஓடுவது குறைவு. களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு ஆற்றுப் படுகையில் உட்கார்ந்துவிடும். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது, முகத்துவாரத்தை மணல்திட்டு மூடிக்கொள்கிறது. 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் வரும்போதுதான் படுகைச் சேறு கிளம்பும். அதனால் வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின் என்று மாதிரி எடுக்காத ஆய்வுக்கு அர்த்தமில்லை.

பாட்டில் பற்றி மேலே சொன்னதை இங்கே தலைகீழாக்குங்கள். எண்ணெய்க்குக் கண்ணாடியும் அலுமினியத் தாளும். உலோகத்துக்கு 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்த பிளாஸ்டிக். இரும்புக் கரண்டியால் சேறு அள்ளக் கூடாது. எல்லா இடத்துச் சேற்றையும் 63 மைக்ரான் சல்லடையில் சலித்து நுண்துகளை மட்டும் ஒப்பிடுங்கள். இல்லையென்றால் மணல் அதிகமுள்ள இடம் தானாகவே சுத்தமாகத் தெரியும். குரோமியம் பாறையிலும் இயற்கையாக உண்டு என்பதால் அலுமினியத்தோடு விகிதம் போட்டுப் பார்க்க வேண்டும். கடல் நீரை உலோகம் அளக்கும் ஐ.சி.பி.எம்.எஸ். கருவியில் விட்டால் குளோரின் சேர்ந்த அயனிகள் குரோமியம் 52-இன் இடத்திலேயே வந்து உட்கார்ந்து பொய்யான எண் தரும். அந்த அயனிகளை விலக்கும் மோதல் அறை உள்ள கருவியா என்று கேட்டுவிட்டு மாதிரியைக் கொடுங்கள்.

இளங்கலை மாணவருக்கு வயலூர் வரை போகவே வேண்டாம். ஆம்பூருக்கு மேலே ஓர் இடம், ராணிப்பேட்டைக்குக் கீழே ஓர் இடம், இரண்டிலும் மேல் 2 சென்டிமீட்டர் சேறு, மூன்று மூன்று மாதிரி. அதைச் சுத்தமாகச் செய்தாலே முதுகலை நேர்காணலில் பேச நிறைய இருக்கும்.

ஒரு வருஷம் கழிச்சுப் போனோம், கரை சுத்தமா இருக்கு. எண்ணெய் போயிடுச்சுன்னு எழுதலாமா?

மேலே பார்த்துவிட்டு எழுதக் கூடாது. நண்டு வளை வழியாக எண்ணெய் சேற்றுக்குள் இறங்கியிருக்கும். மணல் கரையில் அலை புது மணலைப் போட்டு மூடியிருக்கும். குழாய் இறக்கி 30, 40 சென்டிமீட்டர் வரை மண் தண்டை எடுத்து, 2 சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாக வெட்டிப் பாருங்கள். ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் எண்ணெய் பல வருடம் கிடக்கும். அலாஸ்காவில் 1989-இல் எக்சான் வால்டீஸ் கப்பல் கொட்டிய எண்ணெய் பத்தாண்டுகள் கடந்தும் கரைக் கற்களுக்குக் கீழே கிடைத்தது.

எண்ணெய் இல்லை என்பதும் உயிர்கள் மீண்டுவிட்டன என்பதும் வேறு வேறு. புழுக்களின் எண்ணிக்கை பழையபடி வந்திருக்கும், ஆனால் பத்து இனம் இருந்த இடத்தில் கேப்பிட்டெல்லா மட்டும் நிறைந்திருக்கும். எண்ணிக்கையைத் தனியாகவும் இனங்களைத் தனியாகவும் எழுதுங்கள். கசிவு நடந்த அன்று எடுத்து வைத்த மாதிரியோடும், ஒப்பீட்டுக் கரையோடும், அதே பருவத்தில் பொருத்திப் பாருங்கள். ஜனவரியில் நடந்த கசிவை ஜூலை மாதிரியோடு ஒப்பிட்டால் பருவ மாற்றத்தையே மாசு என்றோ மீட்சி என்றோ எழுதிவிடுவீர்கள்.